நார்சிசிஸ்ட் ஒருவரோடு தினமும் பழக வேண்டியிருக்கிறதா? புதிதாகப் படிப்பவர்களுக்கு ஒரு வழிகாட்டி

ஒருவரிடம் பேசிவிட்டு வரும்போதெல்லாம் "தப்பு நம்ம மேலதானோ" என்ற குழப்பத்தோடு வருகிறீர்கள். சொன்னதையே சொல்லவில்லை என்கிறார். நீங்கள் செய்த வேலையைத் தான் செய்ததாகக் காட்டிக்கொள்கிறார். நீங்கள் வருத்தப்பட்டால் அதுவும் உங்கள் மேல் ஒரு குற்றமாகிவிடுகிறது. வெளியில் இருப்பவர்களுக்கோ அவர் தங்கமான மனிதர். இப்படி ஒருவர் மேலதிகாரியாகவோ, கணவராகவோ, மனைவியாகவோ, பெற்றவராகவோ, உடன்பிறந்தவராகவோ உங்கள் வாழ்க்கையில் இருந்தால், இது உங்களுக்காக எழுதியது.

புதிதாக வருகிறவர்கள் பெரும்பாலும் கேட்கும் முதல் கேள்வி "அவரை எப்படி மாற்றுவது?" என்பதுதான். அந்த ஆசை நியாயமானது. ஆனால் அந்த முயற்சியிலேயே பலருக்கு வருடங்கள் கரைந்துவிடுகின்றன. உங்கள் கையில் இருப்பவை வேறு: என்ன நடந்தது என்ற உங்கள் நினைவு, உங்கள் நேரம், பணம், தூக்கம். இவற்றைக் காப்பாற்றிக்கொள்ளும் வழிகளைத்தான் வரிசையாகச் சொல்கிறேன்.

முதல் படி: பட்டம் கட்டுவதை விட்டுவிடுங்கள்

தன்னையே பெரிதாக நினைத்துக்கொண்டு பிறரைக் கண்டுகொள்ளாதவரைக் குறிக்கும் நார்சிசிஸ்ட் என்ற சொல் இப்போது ரீல்ஸிலும் வாட்ஸாப்பிலும் சர்வ சாதாரணமாகப் புழங்குகிறது. மருத்துவத்தில் அதற்கு இறுக்கமான வரையறை உண்டு. அமெரிக்க மனநல மருத்துவர் சங்கத்தின் டிஎஸ்எம் என்ற மனநோய்க் கையேட்டில், 1980இல் வந்த மூன்றாம் பதிப்பில்தான் 'நார்சிசிஸ்டிக் ஆளுமைக் கோளாறு' முதன்முதலாக இடம்பெற்றது. இன்றைய வரையறையில் ஒன்பது அடையாளங்கள் இருக்கின்றன. தன்னைப் பற்றிய ஊதிப் பெருத்த மதிப்பு, ஓயாத பாராட்டுப் பசி, தனக்கு மட்டும் தனிச் சலுகை உண்டு என்ற நினைப்பு, பிறரைப் பயன்படுத்திக்கொள்வது, பிறர் மனதைக் கண்டுகொள்ளாதது, பொறாமை, ஆணவம் ஆகியவை அவற்றில் சில. குறைந்தது ஐந்து அடையாளங்கள் பொருந்த வேண்டும். இளம் வயதிலேயே தொடங்கி, வீடு, வேலை, நட்பு என்று பல இடங்களிலும் அது தெரிய வேண்டும். 2013இல் வந்த ஐந்தாம் பதிப்பு, பொதுமக்களிடம் நடந்த ஆய்வுகளில் இந்தக் கோளாறின் விகிதம் 0 முதல் 6.2 சதவீதம் வரை இருப்பதாகச் சொல்கிறது. உலக சுகாதார நிறுவனத்தின் நோய்ப் பட்டியலான ஐசிடி-11 இன்னும் ஒரு படி மேலே போய்விட்டது. 2022இல் நடைமுறைக்கு வந்த அந்தப் பட்டியலில் இதற்கென்று தனிப் பெயரே கிடையாது. ஆளுமைக் கோளாறு எவ்வளவு தீவிரம் என்று பார்க்கத்தான் அது சொல்கிறது.

ஆக, இது மனநல மருத்துவரோ கிளினிக்கல் சைக்காலஜிஸ்டோ நேரில் பேசி முடிவு செய்ய வேண்டிய விஷயம். உங்களுக்கு அந்த முடிவு தேவையும் இல்லை. ஒருவர் உங்களைத் தினமும் மட்டம் தட்டுகிறார் என்றால், அவருக்குக் கோளாறு இருந்தாலும் சரி, வெறும் குணமாக இருந்தாலும் சரி, உங்கள் பாதுகாப்புக்குச் செய்ய வேண்டியது ஒன்றேதான். இந்தக் கட்டுரையிலும் நார்சிசிஸ்ட் என்று எழுதும்போது அந்தக் குணம் தூக்கலாக இருப்பவரைத்தான் சொல்கிறேன்.

அவர் முகத்துக்கு நேரே "நீங்க ஒரு நார்சிசிஸ்ட்" என்று சொல்லிவிடாதீர்கள். அதனால் அவர் யோசிக்கத் தொடங்கப்போவதில்லை. மறுநாளே "என்னைப் பைத்தியம்னு சொல்றா" என்று சொந்தக்காரர்கள் மத்தியில் அது சுற்றிவரும்.

இங்கே ஒரு முக்கியமான எச்சரிக்கை. இதுவரை நன்றாக இருந்த ஒருவர் சில வாரங்களில் ஆளே மாறி, தூங்காமல், கண்டபடி செலவு செய்துகொண்டு, தன்னால் எதுவும் முடியும் என்று பேசினால் அது இருமுனை மனநோயின் மேனியா நிலையாக இருக்கலாம். வயதானவரின் சுபாவம் புதிதாகக் கடுகடுப்பாக மாறினால் மறதிநோயின் தொடக்கமாக இருக்கலாம். குடியும் ஒருவரை இப்படி மாற்றும். திடீர் மாற்றம் என்றால் முதலில் மருத்துவரிடம் அழைத்துப் போங்கள்.

இரண்டாம் படி: மூன்று நேரங்களில் கவனியுங்கள்

முதல் சந்திப்பை நம்பாதீர்கள். கனடா உளவியலாளர் டெல்ராய் பால்ஹஸ் 1998இல் வெளியிட்ட ஆய்வில், மாணவர்கள் சிறு குழுக்களாக வாரம் ஒருமுறை ஏழு முறை கூடினார்கள். தன்னைத் தானே உயர்த்திக்கொள்ளும் குணம் உள்ளவர்களுக்கு முதல் கூட்டத்தில் நல்ல பெயர். ஏழாவது கூட்டத்துக்குள் அது தலைகீழாகிவிட்டது. இன்டர்வியூவில் அசத்துகிறவரும், பெண் பார்க்க வந்த அன்றே மொத்தக் குடும்பத்தையும் மயக்கிவிடுகிறவரும் கெட்டவர் என்று அர்த்தமில்லை. ஆனால் அந்த ஒரு நாளை வைத்து முடிவு எடுக்காதீர்கள்.

நான் கவனிக்கச் சொல்லும் மூன்று நேரங்கள் இவை. உங்களுக்கு ஒரு நல்லது நடக்கும்போது அவர் முகம் எப்படி இருக்கிறது? நீங்கள் ஒரு சின்ன விஷயத்துக்கு 'முடியாது' சொன்னால் என்ன செய்கிறார்? அவர் செய்த தவறு வெளியே தெரிந்தால் என்ன சொல்கிறார்?

உங்களுக்கு பிரமோஷன் கிடைத்த செய்தியைச் சொல்கிறீர்கள். சாதாரண மனிதர் பொறாமைப்பட்டாலும் வாழ்த்திவிட்டுப் போவார். இவர் இரண்டு நிமிடத்தில் பேச்சைத் தன் பக்கம் திருப்புவார், அல்லது "இப்பெல்லாம் எல்லாருக்கும் குடுக்கறாங்க" என்று அதன் மதிப்பைக் குறைப்பார். கல்யாண வீட்டில் மாப்பிள்ளையாகவும் சாவு வீட்டில் பிணமாகவும் இருக்க ஆசைப்படுகிறவர் என்று நம் ஊரில் சொல்வது இவர்களைத்தான்.

'முடியாது' என்ற சோதனையைத்தான் மூன்றிலும் அதிகம் நம்புகிறேன். கல்யாணம் பேசி முடித்திருக்கும் பெண்களும் பையன்களும் இதைக் கட்டாயம் செய்து பார்க்க வேண்டும். "இன்னைக்கு டயர்டா இருக்கு, நாளைக்குப் பேசலாமா?" என்று ஒருநாள் சொல்லிப் பாருங்கள். சரி என்று விட்டுவிட்டால் நல்லது. கொஞ்சம் முகம் சுளித்தாலும் பரவாயில்லை. அதற்காக இரண்டு நாள் பேசாமல் இருந்து தண்டிக்கிறார், உங்கள் அம்மாவுக்கு போன் போட்டுப் புகார் சொல்கிறார், "என் மேல உனக்கு அக்கறையே இல்லை" என்று நள்ளிரவில் மெசேஜாகக் கொட்டுகிறார் என்றால், நிச்சயதார்த்தத் தேதி குறிப்பதைத் தள்ளிப்போடுங்கள்.

எல்லா நார்சிசிஸ்டும் சத்தமாகப் பீற்றிக்கொள்கிறவர்கள் என்றும் நினைக்காதீர்கள். இதில் இரண்டு முகங்கள் இருப்பதை பால் விங்க் என்ற ஆய்வாளர் 1991இலேயே எழுதினார். ஒன்று ஆடம்பரமானது, மற்றது தொட்டால் சுருங்குவது. இரண்டாவது வகைக்காரர் அமைதியானவர், சட்டென்று புண்பட்டுவிடுவார், எப்போதும் தியாகி. "உங்களுக்காக நான் எவ்வளவு இழந்தேன், யாருக்காவது நன்றி இருக்கா?" என்பது அவருடைய நிரந்தரப் பேச்சு. நம் குடும்பங்களில் இந்த வகையைக் கண்டுபிடிப்பது கடினம். உண்மையாகவே தியாகம் செய்த அம்மாக்கள் வீட்டுக்கு வீடு இருக்கிறார்கள், அவர்களும் மனம் நொந்து இதே வார்த்தையைச் சொல்வார்கள். வித்தியாசம் உங்களுக்கு உடம்பு சரியில்லாத நாளில் தெரியும். உண்மையாகத் தியாகம் செய்தவர் உங்களைப் பார்த்துக்கொள்வார். இந்த இரண்டாவது வகைக்காரருக்கோ அன்று உங்களைவிட அதிகமாக உடம்பு முடியாமல் போகும், கடைசியில் நீங்கள் எழுந்து அவரைப் பார்த்துக்கொண்டிருப்பீர்கள்.

மூன்றாம் படி: பேச்சு திரும்பும் இடத்தைப் பிடியுங்கள்

ஒரு டீம் லீடருக்கும் அவரிடம் வேலை பார்க்கும் பெண்ணுக்கும் நடக்கும் பேச்சு என்று வைத்துக்கொள்ளுங்கள்.

"சார், ரிப்போர்ட்டை வெள்ளிக்கிழமை குடுத்தா போதும்னு சொன்னீங்களே?"

"நான் எப்பம்மா சொன்னேன்? வியாழக்கிழமைன்னு தெளிவா சொன்னேன்."

"இல்ல சார், செவ்வாய்க்கிழமை மீட்டிங் முடிஞ்சதும்..."

"பாரு, எல்லாத்துக்கும் எதிர்ப்பேச்சு. நானா இருக்கப்போய் உன்னைப் பொறுத்துக்கறேன். உனக்கு இப்பல்லாம் கவனமே இல்லை. வீட்டுல ஏதாவது பிரச்சினையா?"

கடைசிக் கேள்வி அக்கறை மாதிரி இருக்கிறது. ஆனால் என்ன நடந்தது பாருங்கள். பேச்சு தேதியைப் பற்றித் தொடங்கியது. முதலில் அவர் மறுத்தார். அடுத்து அந்தப் பெண்ணின் குணத்தைத் தாக்கினார். பிறகு, தான்தான் பொறுத்துப்போகிறவர் என்று இடத்தை மாற்றிக்கொண்டார். இந்த மூன்றையும் சேர்த்து அமெரிக்க உளவியலாளர் ஜெனிஃபர் ஃப்ரைட் 1997இல் 'டார்வோ' என்று பெயரிட்டு எழுதினார். மறுப்பது, தாக்குவது, பாதிக்கப்பட்டவரையும் பாதித்தவரையும் இடம் மாற்றுவது. இதே போல உங்கள் நினைவையே உங்களைச் சந்தேகப்பட வைப்பதைத்தான் கேஸ்லைட்டிங் என்கிறார்கள்.

அந்தப் பெண் மேலும் வாதாடினால் தன் வீட்டில் பிரச்சினை இல்லை என்று நிரூபிக்கும் நிலைக்குத் தள்ளப்படுவார். அவர் சொல்லியிருக்க வேண்டியது இவ்வளவுதான்: "சரி சார், இப்போ எப்போ வேணும்? மெயில்ல போட்டுடறேன்." உள்ளுக்குள் கொதிக்கும், அதில் சந்தேகமில்லை. ஆனால் யார் சொன்னது சரி என்று அவர் வாயாலேயே ஒப்புக்கொள்ள வைக்கும் போட்டியில் நீங்கள் ஜெயிக்கப்போவதில்லை.

இன்னொரு வழக்கம் சிண்டு முடிவது. "உன்னைப் பத்தி அவன் என்ன சொன்னான் தெரியுமா?" என்று ஒருவரை இன்னொருவரோடு மோத விடுவார்கள். இதற்கு மருந்து எளிது. சொன்னதாகச் சொல்லப்பட்டவரிடமே நேராகப் பேசிவிடுங்கள்.

நான்காம் படி: அலுவலகத்தில் எல்லாவற்றையும் எழுத்தில் வையுங்கள்

வாய்ச்சொல்லாக வந்த ஒவ்வொரு உத்தரவையும் அன்றே ஒரு சிறு மெயிலாக்குங்கள். "சார், இன்று காலை பேசியபடி ரிப்போர்ட்டை வெள்ளி மாலை 5 மணிக்குள் அனுப்புகிறேன். மாற்றம் இருந்தால் சொல்லுங்கள்." இதற்கு மேல் ஒரு வார்த்தை வேண்டாம். குற்றச்சாட்டு வாடையே இருக்கக் கூடாது. மேலதிகாரியின் மேலதிகாரியை எல்லா மெயிலிலும் சிசியில் போடாதீர்கள், அது போர் அறிவிப்பாகிவிடும்.

உங்களுக்கென்று ஒரு குறிப்பு வைத்துக்கொள்ளுங்கள். தேதி, நேரம், அவர் சொன்ன வார்த்தை அப்படியே, உடன் இருந்தவர்கள். "கேவலமா நடத்தினார்" என்று எழுதினால் பின்னாளில் உதவாது. "மீட்டிங்கில் ஆறு பேர் முன்னால் 'உனக்கெல்லாம் யார் வேலை குடுத்தது' என்றார்" என்று எழுதுங்கள். குறிப்பை வீட்டில், உங்கள் சொந்த நோட்டில் வையுங்கள். ஆபீஸ் லேப்டாப்பில் வேண்டாம். அதே சமயம் நிறுவனத்தின் ரகசிய ஆவணங்களை உங்கள் சொந்த மெயிலுக்கு அனுப்பிக்கொள்ளாதீர்கள். அதுவே உங்கள் மேல் நடவடிக்கை எடுக்கக் காரணமாகிவிடும்.

உழைப்பைத் திருடுகிறவர் என்றால், வேலை முடிந்த பிறகு சண்டை போடுவதில் பயனில்லை. நடக்கும்போதே தெரியப்படுத்துங்கள். வாராந்திர ஸ்டேட்டஸில் உங்கள் பெயரோடு என்ன முடிந்தது என்று போடுங்கள். டெமோவை நீங்களே காட்டும்படி முன்கூட்டியே கேட்டு வாங்குங்கள்.

அவரைப் பலர் முன்னால் திருத்தாதீர்கள். உளவியலாளர்கள் பிராட் புஷ்மனும் ராய் பாமைஸ்டரும் 1998இல் ஒரு சோதனை நடத்தினார்கள். பங்கேற்றவர்களின் கட்டுரையை மோசமாக விமர்சித்துவிட்டு, விமர்சித்த ஆளுக்கு இரைச்சலைத் தண்டனையாகக் கொடுக்கும் வாய்ப்பைத் தந்தார்கள். நார்சிச மதிப்பெண் அதிகம் இருந்து, அவமானமும் பட்டவர்கள்தான் மிக ஆக்ரோஷமாக நடந்துகொண்டார்கள். தவறைச் சொல்ல வேண்டும் என்றால் தனியாக, அவருடைய லாபத்தோடு சேர்த்துச் சொல்லுங்கள். "இந்த நம்பரை மாத்திட்டா கிளையன்ட் கேள்வி கேட்க மாட்டாங்க சார்" என்பது போல. இதை ஜால்ரா என்று நான் நினைக்கவில்லை. அவர் நன்றாகச் செய்ததை மட்டும் பாராட்டுங்கள், செய்யாததைப் பாராட்ட வேண்டாம்.

தொந்தரவில் பாலியல் சாயல் இருந்தால் விஷயமே வேறு. 2013ஆம் ஆண்டுச் சட்டப்படி பத்துப் பேரோ அதற்கு மேலோ வேலை செய்யும் இடங்களில் உள் புகார்க் குழு இருக்க வேண்டும். சம்பவம் நடந்த மூன்று மாதத்துக்குள் பெண்கள் எழுத்தில் புகார் தர வேண்டும். "பாத்துக்கலாம்" என்று நாள் கடத்தாதீர்கள்.

வேறு டீமுக்கு மாற முடியவில்லை, உடம்பு கெடுகிறது என்றால் வேறு வேலை தேடுங்கள். ஆனால் சத்தமில்லாமல் தேடுங்கள். ஆஃபர் லெட்டர் கைக்கு வரும் முன் யாரிடமும் வாய் திறக்க வேண்டாம். ராஜினாமாக் கடிதத்தில் மனக்குறையைக் கொட்டவும் வேண்டாம். ரிலீவிங் லெட்டரும் அனுபவச் சான்றிதழும் செட்டில்மென்ட் பணமும் வரும் வரை அவர் கையெழுத்து உங்களுக்குத் தேவைப்படும்.

ஐந்தாம் படி: காரணம் சொல்லாமல் மறுக்கப் பழகுங்கள்

நமக்கு 'முடியாது' என்று சொன்னதும் நாலு காரணம் சொல்லாவிட்டால் மனசு கேட்காது. இவர்களிடம் ஒவ்வொரு காரணமும் ஒரு பிடி. பணம் கேட்கும் அண்ணனிடம் "பிள்ளைக்கு ஃபீஸ் கட்டணும்" என்றால் "அந்த ஸ்கூல்ல யார் சேக்கச் சொன்னது?" என்று பேச்சு அங்கே போய்விடும். "இல்லண்ணா, என்னால முடியாது" என்று சொல்லி நிறுத்துங்கள். மறுபடி கேட்டால் அதே வார்த்தை, அதே குரல். மூன்றாம் தடவையும் அதுவே.

எல்லை போடுவது என்றால் அவர் என்ன செய்ய வேண்டும் என்று கட்டளையிடுவதாகப் பலர் நினைக்கிறார்கள். "நீங்க கத்தக் கூடாது" என்பது உங்கள் கையில் இல்லை. "கத்தினா போனை வச்சிடுவேன், நாளைக்குப் பேசலாம்" என்பது உங்கள் கையில் இருக்கிறது. சொன்னால் அன்றே வைத்துவிட வேண்டும். ஆரம்பத்தில் அவர் இன்னும் அதிகமாகக் கத்துவார். இதுவரை வேலை செய்த வழி நின்றுபோனால் யாருமே முதலில் அதையே இன்னும் அழுத்திப் பார்ப்பார்கள். அந்த வாரங்களில்தான் பெரும்பாலோர் இறங்கி வந்துவிடுகிறார்கள். இறங்கி வந்தால், இவ்வளவு கத்தினால் காரியம் நடக்கும் என்று நீங்களே சொல்லிக்கொடுத்தது போல ஆகிவிடும்.

உங்கள் பயம், கனவு, கணவன் மனைவிக்குள் நடந்த சண்டை எதையும் இவர்களிடம் பகிராதீர்கள். "ஆமா", "அப்படியா", "பார்க்கலாம்" போன்ற சுவாரசியமில்லாத பதில்களே போதும்.

ஆறாம் படி: குடும்பத்தில் பணமும் கையெழுத்தும்

வீட்டில் இருப்பவரிடம் ராஜினாமா கொடுக்க முடியாது. "என்ன இருந்தாலும் அண்ணன்", "அடிக்கிற கைதான் அணைக்கும்" என்று சுற்றியிருப்பவர்கள் சொல்லிக்கொண்டே இருப்பார்கள். அவர்களுக்கு உங்கள் கதையை முழுதாக நிரூபிக்கப் பார்க்காதீர்கள். நம்பும் இரண்டு பேர் போதும்.

விசேஷங்களுக்குப் போங்கள், ஆனால் கிளம்பும் நேரத்தை முன்னாலேயே தீர்மானித்துக்கொண்டு, சொந்த வண்டியில் போங்கள். அவர் காரில் போனால் அவர் கிளம்பச் சொல்லும் வரை உட்கார்ந்திருக்க வேண்டும். கடனுக்கு ஜாமீன் கையெழுத்து, உங்கள் பெயரில் லோன், நகையை 'ஒரு மாசத்துக்கு' கொடுப்பது மூன்றும் வேண்டவே வேண்டாம். பாஸ்புக், ஏடிஎம் கார்டு, ஆதார், படிப்புச் சான்றிதழ், பத்திரம் எல்லாம் உங்கள் கைக்கு எட்டும் இடத்தில் இருக்கட்டும்.

துணைவரே இப்படி இருந்து, மிரட்டலோ அடியோ பணத்தைப் பிடுங்குவதோ நடந்தால், அது சமாளிக்க வேண்டிய குணம் என்ற கட்டத்தைத் தாண்டிவிட்டது. 2005ஆம் ஆண்டின் குடும்ப வன்முறையிலிருந்து பெண்களைப் பாதுகாக்கும் சட்டம் அடியை மட்டும் வன்முறை என்று சொல்லவில்லை. வார்த்தையாலும் மனதாலும் துன்புறுத்துவதும் பணத்தை முடக்குவதும் அதில் அடங்கும். பெண்கள் உதவி எண் 181. அவசரத்துக்கு 112. சட்ட உதவிக்கு 15100. பெண்களுக்கு வருமான வரம்பு பார்க்காமல் இலவச சட்ட உதவி உண்டு. பிரிந்து போகும் நேரம்தான் ஆபத்து அதிகமான நேரம். அதனால் போகப்போவதை அவரிடம் அறிவிக்காதீர்கள். நம்பிக்கையான ஒருவரிடம் நாளும் நேரமும் சொல்லி வையுங்கள். இப்படிப்பட்ட நிலையில் இருவரையும் சேர்த்து உட்கார வைக்கும் கவுன்சலிங்கும் வேண்டாம். அங்கே நீங்கள் மனம் திறந்து சொன்னது வீட்டில் உங்கள் மேலேயே திரும்பும். தனியாகப் போங்கள்.

பிள்ளைகள் இருந்தால், அவர்கள் முன்னால் அந்தப் பெற்றோரைத் திட்டாதீர்கள். "அப்பா கத்தினது உன்னால இல்லை" என்று மட்டும் ஒவ்வொரு முறையும் சொல்லுங்கள். பிள்ளைக்கு அது பெரிய பலம்.

ஏழாம் படி: உங்களைப் பார்த்துக்கொள்ளுங்கள்

வருடக்கணக்கில் இப்படி ஒருவரோடு இருந்தவர்களுக்கு எடுத்ததற்கெல்லாம் 'சாரி' வரும், சின்ன முடிவு எடுக்கவும் கை நடுங்கும், இரவில் பழைய பேச்சுகளே ஓடும். இது உங்கள் பலவீனம் இல்லை. மனநல உதவிக்கான டெலி மனாஸ் எண் 14416ஐ அழைத்தால் இரவு பகல் எந்த நேரமும் இலவசமாகப் பேசலாம், தமிழிலும் பேசலாம். மத்திய அரசு 2022 அக்டோபரில் தொடங்கிய சேவை இது. மருந்து மாத்திரை பற்றிய பயம் இருந்தால் அதையும் அங்கேயே கேளுங்கள்.

நார்சிசிஸ்ட் பற்றிய வீடியோக்களை நாள் முழுக்கப் பார்க்காதீர்கள். அடையாளம் தெரிந்துகொள்ளும் வரை அவை உதவும். அதற்குப் பிறகு, அவர் இல்லாத நேரத்திலும் அவரைப் பற்றியே யோசிக்க வைக்கும். அந்த நேரத்தில் விட்டுப்போன ஒரு தோழிக்கு போன் செய்யுங்கள்.

அவர் மாறவே மாட்டாரா என்று கேட்டால், மாறுகிறவர்கள் உண்டு. இதற்கென்று தனி மாத்திரை இல்லை. நீண்ட நாள் பேச்சு சிகிச்சைதான் வழி. அதற்கு அவரே மனம் வந்து போக வேண்டும். நீங்கள் இழுத்துக்கொண்டு போய் உட்கார வைத்தால் நடக்காது.

கடைசியாக ஒன்று. நீங்கள் விலகத் தொடங்கியதும் பெரும்பாலும் இனிப்பாகத் திரும்பி வருவார். ஒரு வாரம் சத்தமே இல்லாமல் இருந்துவிட்டு "சாப்பிட்டியா?" என்று ஒரு மெசேஜ். அப்புறம் ஒரு பரிசு, அப்புறம் "நான் மாறிட்டேன்". உடனே பதில் போடாதீர்கள். ஒரு நாள் போகட்டும். எழுதி வைத்த குறிப்பை எடுத்து ஒருமுறை முழுதாகப் படியுங்கள். பிறகும் பேச வேண்டும் என்று தோன்றினால் பேசுங்கள், ஆனால் ஒரு சின்ன 'முடியாது' சொல்லிப் பாருங்கள். அதை அவர் எப்படி வாங்கிக்கொள்கிறார் என்று அடுத்த சில மாதங்கள் கவனியுங்கள். அதுவரை வீட்டுச் சாவியையும் ஏடிஎம் பின் நம்பரையும் திரும்பக் கொடுக்க வேண்டாம்.